அப்பா பின்னிவிடும் இரட்டைச் சடை

மகளுக்குத் தலை பின்னிவிட்ட அப்பாக்களிடம் அவளுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகத்தைவிட முதலில் பின்மண்டைதான் அவர்கள் கண்ணில் வந்து நிற்கும். நடுவில் ஓடும் நேர் உச்சி, இரண்டு பக்கமும் தேங்காயெண்ணெய் மினுங்கும் முடி, சீப்புக்கு அகப்படாமல் பிடரியில் சுருண்டு கிடக்கும் பூனைமுடி. அஞ்சு வயதிலிருந்து பத்து வயது வரை, பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் காலையில் கால் மணி நேரம். இதைவிட நிச்சயமாக மகளோடு கிடைக்கிற நேரம் வேறு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா தள்ளிப்போகும், ராத்திரிக் கதை தூக்கத்தில் போகும். தலை மட்டும் தினமும் பின்னியே ஆக வேண்டும்.

அதிலும் ஒரு விசேஷம் உண்டு. எதிரே உட்கார வைத்து "ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையில் ஒரு கை ஓடிக்கொண்டிருந்தால் அவளாகவே ஆரம்பிப்பாள். யார் யாரோடு காய் விட்டது, யாருடைய டப்பாவில் என்ன இருந்தது என்று எல்லாம் வரும். சிக்கு எடுக்கும்போது வாயைக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

உட்காரும் இடத்திலிருந்து தொடங்கலாம். அப்பா நாற்காலியில், குழந்தை அவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு குட்டி முக்காலியில். அவள் உச்சந்தலை அப்பாவின் நெஞ்சுக் குழி உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி குனிந்து பின்னினால் முதுகு வலிக்கும். அதைவிட முக்கியம், மேலேயிருந்து பார்க்கும்போது உச்சி நேராக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பின்மண்டையில் விழும்படி உட்காருங்கள். பல் அகன்ற சீப்பு ஒன்று, வால் சீப்பு ஒன்று, துணி சுற்றிய ரப்பர் பேண்டு நாலு, ரிப்பன் இரண்டு, சின்னக் கிண்ணத்தில் எண்ணெய். இவ்வளவும் உட்காரும் முன்பே கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதிச் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு ரிப்பன் தேடுவது பெரிய அவதி. மளிகைப் பொட்டலத்தில் வரும் வெறும் ரப்பர் பேண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கழற்றும்போது கொத்தாக முடியைப் பிய்த்துக்கொண்டு வரும்.

தோள் வரை முடி இருக்கும் குழந்தைக்கு தினசரி எண்ணெய் அரைத் தேக்கரண்டி போதும். உள்ளங்கையில் தேய்த்து முதலில் நுனிக்கு, பிறகு நடுவுக்கு, மிச்சம் இருப்பது தலைக்கு. பாட்டிகள் வைப்பது போல வழிய வழிய வைத்தால் மத்தியானத்துக்குள் நெற்றியில் இறங்கி, தூசி ஒட்டி, சட்டைக் காலரையும் பாழாக்கும்.

சிக்கு எடுப்பதில்தான் பெரும்பாலான அப்பாக்கள் தோற்கிறார்கள். உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுப்பார்கள். வழியில் இருக்கும் அத்தனை சிக்கும் சேர்ந்து ஒரே முடிச்சாக இறுகி நிற்கும். "அப்பா, வலிக்குது!" என்று குழந்தை கத்துவதற்குக் காரணம் அதுதான். நுனியிலிருந்து தொடங்குங்கள். கடைசி நாலு விரல் நீளத்தைச் சீவுங்கள். அது வழுக்கிக்கொண்டு போனதும் இன்னும் நாலு விரல் மேலே. சிக்குக்கு மேல் பக்கம் முடியை இடது கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே சீவ வேண்டும். இழுப்பு எல்லாம் உங்கள் பிடியில் நின்றுவிடும், வேர்க்காலுக்குப் போகாது. கழுத்துக்குப் பின்னால், காலர் உரசும் இடத்தில் பஞ்சு மாதிரி ஒரு சிக்கு தினமும் விழும். அதில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சீப்பை எடுக்கும் முன் விரலாலேயே பிரியுங்கள். முந்தின ராத்திரி தளர்வாக ஒற்றைச் சடை போட்டுப் படுக்க வைத்தால் காலையில் சிக்கு பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது உச்சி. வால் சீப்பின் நுனியை மூக்குக்கு நேராக நெற்றியில் வைத்து, அழுத்தாமல், ஒரே கோடாகப் பின்னால் இழுத்து, பிடரிக் குழி வரை கொண்டு போங்கள். சுழி இருக்கும் இடத்தில் கோடு வளையும், அங்கே முடி எழும்பி நிற்கும். ரெட்டைச் சுழிக் குழந்தைகளுக்கு நேர் உச்சி எளிதில் அமையாது. உச்சியை ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நகர்த்தினால் அடங்கிவிடும். ஒரு சடை தடியாகவும் இன்னொன்று எலிவால் மாதிரியும் வருகிறதா? குறை பின்னலில் இல்லை, பின்மண்டைக் கோட்டில். முன்னால் நேராக எடுத்துவிட்டுப் பின்னால் கை கோணிப் போயிருக்கும். தலையைக் குனியச் சொல்லி, சுழியிலிருந்து பிடரி வரை தனியாக ஒரு முறை கோடு எடுங்கள். எடுத்ததும் ஒரு பக்கத்தை ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கி வைத்துவிட்டால் முடி கலக்காது.

பின்னல் மூன்று கால், அதாவது மூன்று பிரி. வலதை நடுக்காலுக்கு மேலே போடு, இடதை நடுக்காலுக்கு மேலே போடு, அவ்வளவே. பழகாத கைக்கு எது நடுக்கால் என்பதில்தான் குழப்பம் வரும். மேசைக் காலில் மூன்று நிற ரிப்பன் கட்டி இரண்டு ராத்திரி பின்னிப் பார்த்தால் விரல்கள் பிடித்துக்கொள்ளும். குழந்தையின் தலையில் பழகாதீர்கள், பாவம். சடை எந்தப் பக்கம் தொங்க வேண்டுமோ அந்தப் பக்கம் கையை வைத்துப் பின்னுவதுதான் இதில் சூட்சுமம். காதுக்குப் பின்னால், காது மடலின் கீழ் நுனிக்கு நேராகத் தொடங்கி, கையைத் தோள் பக்கம் தாழ்த்தியே பின்னுங்கள். உங்கள் வசதிக்காகத் தூக்கிப் பிடித்து வெளிப்பக்கமாகப் பின்னினால் சடை கொம்பு மாதிரி விறைத்து நிற்கும்.

முதல் மூன்று மடிப்பும் இறுக்கமாக, பிறகு ஒரே சீராக. இறுக்கம் எவ்வளவு என்பதைக் குழந்தையின் முகம் சொல்லும். புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றி இழுபட்டு வலித்தாலோ, உச்சி ஓரத்தில் முடிக்கால்கள் சின்னச் சின்னப் பரு மாதிரி எழும்பியிருந்தாலோ உடனே அவிழ்த்து மறுபடி பின்னுங்கள். சாயந்திரம் வரை கலையக் கூடாது என்று வருஷக் கணக்கில் இறுக்கிப் பின்னினால் நெற்றிப் பொட்டின் ஓரம் முடி மெலிந்து ஏறிவிடும். கலைந்த தலையோடு வீட்டுக்கு வரும் குழந்தை நன்றாக விளையாடியிருக்கிறாள். அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

பள்ளிக்கு மடித்துக் கட்ட ஒரு சடைக்கு ஒரு மீட்டர் ரிப்பன் எடுத்துக்கொள்ளுங்கள். நுனிக்கு ஆறு விரல் நீளம் மிச்சம் இருக்கும்போது ரிப்பனின் நடுப்பகுதியை நடுக்காலுக்குப் பின்னால் கொடுத்து, இரண்டு முனைகளையும் இரண்டு பக்கக் கால்களோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. பிறகு நுனியை உள்பக்கமாக மடித்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து, ரிப்பனின் ஒரு முனையை வேரைச் சுற்றி இழுத்து, மற்ற முனையோடு பூப்போல முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரிப் போடுங்கள். முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டால் சாயந்திரம் ரிப்பனோடு முடியும் வரும். ரிப்பனைப் பின்னலுக்குள் கொடுக்காமல் நுனியில் வெறுமனே கட்டுவதால்தான் இடைவேளை மணி அடிக்கும் முன்பே அது எங்கோ விழுந்துவிடுகிறது.

புது ரிப்பனை முதலில் தனியாகத் தண்ணீரில் அலசிவிடுங்கள். சிவப்பு, கரு நீல ரிப்பன்களில் எண்ணெயும் வியர்வையும் பட்டால் சாயம் இறங்கும், வெள்ளைச் சட்டையின் தோளில் கறை நிற்கும். நைலான் ரிப்பன் முனை பிரியாமல் இருக்க, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி எடுத்தால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

மொட்டை போட்ட குழந்தைக்கு இதெல்லாம் எப்போது என்று கேட்கலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சடை என்று ஒன்று நிற்க பதினைந்து சென்டிமீட்டராவது வேண்டும். குலதெய்வம் கோயிலில் முதல் பிறந்தநாளையொட்டி முடி இறக்கியிருந்தால் இரண்டேகால், இரண்டரை வயதில் முதல் குட்டிச் சடை வரும். அதுவரை உச்சியில் ஒரே ஒரு தென்னமரக் குடுமிதான். அந்தக் குடுமி ஓட ஓட ஆடுவதைப் பார்க்கிற பாக்கியம் ஒரு வருஷத்துக்குத்தான், போட்டோ எடுத்து வையுங்கள். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் உண்மையில்லை. வேர்க்கால்களின் எண்ணிக்கை சவரத்தால் மாறாது.

வாரம் ஒரு முறை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பாக, அரை மணி நேரம் ஊறினால் போதும். சீயக்காய்ப் பொடியை வடித்த கஞ்சியில் கரைக்கும் முன் துணியில் சலித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் திப்பி இரண்டு நாளைக்குத் தலையில் பொடுகு மாதிரி உட்கார்ந்திருக்கும். தலைக்குக் குளிப்பது என்றாலே அலறுகிற குழந்தை தண்ணீருக்கு அலறுவதில்லை, கண்ணில் இறங்கும் சீயக்காய்க்கு அலறுகிறாள். அப்பா பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவளைக் கால்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியில் மடித்த துண்டை வைத்து, ஒரு கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு பின்பக்கமாக ஊற்றினால் ஒரு சொட்டும் கண்ணுக்கு வராது. துவட்டும்போது தேய்க்காதீர்கள், பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரத் தலையைப் பின்னினால் உள்ளே காயாமல் நாற்றம் பிடிக்கும். சாம்பிராணி போடுவது நல்ல வாசனைதான், ஆனால் வீசிங் இருக்கும் குழந்தைக்கு அந்தப் புகையே ஆகாது. வெயில் போதும்.

பேன் வந்தால் யாரையும் குறை சொல்ல வேண்டாம். பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேர்ந்தால் ஊர்ந்து வரும், நல்ல சிநேகிதிகள் இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஒருநாள் வரும். ஈர் பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். பொரிந்தது வளர்ந்து முட்டையிட இன்னும் பத்து நாள் போல. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று விட்டால் இரண்டாவது வாரம் மறுபடி சொறிவாள். தலையை நனைத்து வழுக்கலாக ஏதாவது தடவி, பேன் சீப்பால் மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு விடாமல் வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய், கரப்பான்பூச்சி மருந்து எதையும் தலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூடம் கரைத்த எண்ணெயும் வேண்டாம், குழந்தைகளுக்குச் சூடம் உள்ளே போனால் வலிப்பு வரும். மருந்துதான் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை தப்பிய ஈருக்காக ஒரு வாரம், ஒன்பது நாள் கழித்து இரண்டாவது தடவையும் போடச் சொல்வார்கள். அதை மறந்தால் முதல் தடவை போட்டதும் வீண்.

பூ விஷயத்தில் அப்பாக்கள் ஆசைப்பட்டு ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்துவிடுவார்கள். சின்னத் தலைக்கு அது பாரம், மத்தியானத்துக்குள் தொங்கிப்போகும். அரை முழம் போதும். ஒரு சடையின் வேரிலிருந்து மறு சடையின் வேருக்குப் பாலம் மாதிரி வைத்து, ஹேர்பின்னைப் பூவில் குத்தாமல் நாரில் கொடுத்து முடியோடு சேர்த்துச் செருகுங்கள். வைக்கும் முன் ஒருமுறை உதறிவிடுங்கள், எறும்பு இருக்கும்.

பூ மலிந்து வரும் கோடை விடுமுறையில் ஒரு தடவையாவது பூத் தைத்துவிடுங்கள். வாழை மட்டையைச் சடை நீளத்துக்கு நறுக்கி, அரும்பாக இருக்கும் மல்லிகையை வரிசை வரிசையாக ஊசி நூலால் தைத்து, நடுவில் கனகாம்பரம் ஒரு கோடு கொடுத்து, கீழே குஞ்சலம் வைத்து, சடையின் மேல் கட்ட வேண்டும். மலர்ந்த பூவில் தைத்தால் ஒரு மணி நேரத்தில் பழுத்துவிடும். மதியம் தைக்கத் தொடங்கி சாயந்திரம் கட்டினால், அவள் போட்டோவுக்கு நிற்கும் நேரத்தில் அரும்பு விரியும். பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். பழைய ஸ்டுடியோக்காரர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் எடுத்தார்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் விழாமல் இருக்க ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து நிற்க வேண்டும். விழுந்தாலும் பரவாயில்லை, இருபது வருஷம் கழித்து அவளுக்குப் பிடிக்கப்போவது அந்தப் படம்தான்.

ஒன்பது, பத்து வயதில் சீப்பை அவளே வாங்கிக்கொள்வாள். கொடுத்துவிடுங்கள். தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி பார்க்காமல் விரலால் தொட்டுப் பார்த்தே பின்னச் சொல்லுங்கள். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்தால் கை குழம்பும். முதல் மாதம் இடது சடை தொளதொளவென்று இருக்கும், திருத்தப் போகாதீர்கள். பின்மண்டை உச்சி மட்டும் அவள் கைக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அதற்கு மட்டும் வால் சீப்பை நீட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, இன்னும் கொஞ்ச நாளைக்கு வந்து நிற்பாள்.