காலைத் தொட்டுப் பார்ப்பவர்கள்

பெங்களூரில் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்றால் சொந்தக்காரர்களிடமிருந்து இரண்டே கேள்விகள்தான் வரும். "எந்தக் குதிரைப்பா ஜெயிக்கும்?" என்பார் அல்சூர் சித்தப்பா. "ரேஸால் அழிஞ்ச குடும்பம் எத்தனை! அங்கே உனக்கென்ன வேலை?" என்பார் அத்தை. அத்தையின் கோபம் நியாயமானது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். சம்பளத்தைத் தொலைத்தவர் வீட்டில் அந்தத் தீர்ப்பால் அடுப்பெரியாது. ஆனால் இந்த இரண்டு பேச்சிலும் குதிரை இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

லாயத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் முதலில் தீவனத் தொட்டியைப் பார்ப்பார். ஓட்ஸோ குதிரைமசாலோ மிச்சம் இருந்தால் உடனே எனக்குச் சொல்லிவிடுவார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். அப்புறம் நான்கு கால்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால், "டாக்டர், இன்னைக்கு இவளை ஓட்ட வேண்டாம்" என்பார். அந்தச் சொல்லை நான் தட்டியதே இல்லை.

குதிரைக்கு முன்முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது 450, 500 கிலோ உடம்பும் ஒரு கணம் ஒற்றைக் காலில் இறங்கும். "கால் உடைந்தால் கொன்றுவிடுகிறீர்களே, இதுதான் பாசமா?" என்று பலர் கேட்கிறார்கள். குதிரையால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாது. மூன்று காலில் நின்றாலோ, சுமை தாங்கும் நல்ல காலின் குளம்புக்குள் திசு வீங்கிப் பிரியத் தொடங்கும். சில முறிவுகளை பிளேட், ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்துவிடலாம். முடியாதபோது, வலியை நீட்டாமல் ஊசி போடுவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சைஸ் அழுவதை அருகில் நின்று பார்த்தவர்கள், இங்கே எல்லாமே பணத்துக்குத்தான் என்று சொல்ல மாட்டார்கள்.

என் குறை வேறு. இந்தக் குதிரைகள் 25 வயது வரைகூட வாழும். பந்தயமோ பெரும்பாலும் 2, 3 வயதில் தொடங்கிச் சில வருடங்களில் முடிந்துவிடும். சில குதிரைகள் இனப்பெருக்கப் பண்ணைக்கும் சில குதிரையேற்றப் பள்ளிக்கும் போகும். மற்றவை கைமாறிக் கைமாறி எங்கே போகின்றன என்று விசாரிக்கக்கூட ஆளில்லை. பரிசுத் தொகையில் ஒரு பங்கை ஓய்வுக்காலத் தீவனத்துக்கு ஒதுக்குங்கள் என்று எனக்குத் தெரிந்த உரிமையாளர்களிடம் கேட்டு வருகிறேன். சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களிடம் அடுத்த சீசனிலும் கேட்பேன்.