11 பாகையில் துருவ நட்சத்திரம்

நம் ஊட்டிக் கல்லூரியில் படித்து இப்போது லண்டனில் இருப்பவர்கள் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க அடிவானத்திலிருந்து 51 பாகை அண்ணாந்தாக வேண்டும். டொராண்டோவில் 43. ஊட்டியிலோ அது 11 பாகை உயரத்தில், மலை முகட்டை ஒட்டித்தான் நிற்கும். நம் கல்லூரி மைதானத்தின் மேல் மூலைக்குப் போனால்தான் கண்ணில் படும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அதுவே அங்கே துருவ நட்சத்திரத்தின் உயரம் என்பதை எனக்குப் பாடப்புத்தகம் புரியவைக்கவில்லை. எங்கள் இயற்பியல் சாருடைய கோளரங்கம்தான் புரியவைத்தது.

கோளரங்கம் என்றால் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். இயற்பியல் துறையின் பழைய பொருள் அறையில் சாரும் ஆய்வகப் பணியாளரும் சேர்ந்து அமைத்த வெள்ளைச் சுண்ணக் குவிமாடம். நடுவே ஒரு தகர உருண்டை, அதற்குள் சிறு பல்பு. மங்கலான விண்மீன்களுக்குத் தையல் ஊசியாலும், மிகப் பிரகாசமான சிரியஸுக்கு ஆணியாலும் துளையிட்டிருந்தார். உருண்டையின் அச்சுக்கு அடியில் ஆப்பு போல ஒரு மரச்சக்கை. அதை 11 பாகைக்குச் சீவியிருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஊட்டி வானமே கிழக்கிலிருந்து மேற்காக நகரும்.

அதே கணக்குதான் ஊட்டிக்கு அருகே இருக்கும் முத்தோரையிலும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. சுமார் 11 பாகை சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் வடக்கு தெற்காகக் கிடத்தியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினாலே வானில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். "மரச்சக்கை வேலையை அங்கே மலையே செய்கிறது" என்பார் சார்.

தை, மாசி மாதங்களில் ஒரு சனிக்கிழமை இரவு, வானம் பார்க்கக் கல்லூரியின் கதவு ஊருக்கே திறந்திருக்கும். டிக்கெட் கிடையாது. அடையாள அட்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு ரூபாயாவது வசூலிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, நான் பார்த்தவரையில் அந்த ஒரு முறைதான் சார் குரலை உயர்த்தினார். மார்க்கெட் கடைக்காரர்கள், ஹட்டிகள் எனப்படும் மலைக் கிராமங்களிலிருந்து படகர் குடும்பங்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் எனப் பலரும் போர்வையும் குல்லாவுமாக வந்து நிற்பார்கள். பலர் அன்றுதான் முதன்முறையாக ஒரு கல்லூரிக்குள் காலடி எடுத்து வைத்தார்கள்.

2003 பிப்ரவரியில் நடந்த இரவை மறக்க முடியவில்லை. கொலம்பியா விண்கலம் சிதறி கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பள்ளி மாணவிகள் அவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. "விண்கலம் ஏன் உடைந்தது, சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விசாரணை முடியட்டும், ஊகித்துச் சொல்லக் கூடாது என்று பொறுமையாகப் பதில் சொன்னார்.

சனிக் கோள் அன்று ஏறக்குறைய உச்சியில் இருந்தது. வளையங்கள் நம் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்த காலம் அது. கோத்தகிரிப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, தொலைநோக்கியில் பார்க்கும் தன் முறை வந்ததும் பின்வாங்கினார்.

"சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்க்கலாமா, தம்பி?"

நான் விழித்தேன். சார் அருகில் வந்தார். "அம்மா, இது எழுபது நிமிடத்துக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம். நீங்கள் கோத்தகிரியில் பஸ் ஏறினீர்களே, அப்போது புறப்பட்டது. உங்களைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது."

பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, பனி பூத்த புல்லில் வெறுங்காலோடு நின்று குனிந்தார். குழாயைத் தொடாதபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. வரிசையும் முணுமுணுக்கவில்லை. "தோடு மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு தெற்கே தாழ்வாகத் தெரிந்த அகத்தியர் நட்சத்திரத்தையும் காட்டச் சொன்னார். லண்டனிலும் டொராண்டோவிலும் அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பிள்ளைகளை ஊருக்கு அழைத்துவரும்போது காட்டுங்கள்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். குவிமாடத்தில் விரிசல் விட்டிருந்தாலும், இப்போதைய ஆசிரியர்கள் அந்த இரவை விடாமல் நடத்துகிறார்கள். ஆனால் தோட்டத்து மக்கள் வருவது குறைந்துவிட்டது. ஆர்வம் குறையவில்லை, திரும்பிப் போகப் பஸ் இல்லை. அன்று சார் தெரிந்தவர்களிடம் ஜீப் கேட்டு வாங்கி, நள்ளிரவில் அவர்களை வீடு சேர்த்தார். இந்த ஆண்டு நம் முன்னாள் மாணவர் சங்க நன்கொடையில் முதல் செலவாக கோத்தகிரிக்கும் மஞ்சூருக்கும் இரண்டு வேன்களுக்கு வாடகை கொடுக்கலாம் என்பது என் கோரிக்கை. குவிமாடத்துக்கு வெள்ளையடிப்பதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.