எங்கே போவாள் சார்?

பைபிளின் சட்டப் புத்தகங்களில் ஒன்றான உபாகமத்தின் 21-ஆம் அதிகாரத்தை நான் வருஷாவருஷம் ஒரே மாதிரிதான் நடத்துவேன். போரில் பிடித்த பெண்மேல் ஆசைப்பட்டால் எடுத்த எடுப்பில் மனைவியாக்கிக்கொள்ள முடியாது. வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அவள் தலையைச் சிரைத்து, நகம் களைந்து, தகப்பனுக்காகவும் தாய்க்காகவும் ஒரு மாதம் துக்கம் கொண்டாட வேண்டும். பிற்பாடு பிடிக்காமல் போனால் விற்கக் கூடாது, அவள் இஷ்டப்படி அனுப்பிவிட வேண்டும். அதற்கு முந்தின புத்தகமான எண்ணாகமம் 31-இல், போரில் பிடித்த மீதியான் தேசத்துப் பெண்களில் உயிரோடு விடப்பட்ட 32,000 பேரை ஆடு, மாடு, கழுதைக் கணக்கோடு சேர்த்து எழுதியிருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இது ஒரு கடிவாளம் என்பேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஒரு மாணவி கேட்டாள்: “இஷ்டப்படின்னா எங்கே போவாள் சார்?”

கேள்வி நியாயம்தான். முந்தின அதிகாரத்திலேயே அந்த ஊர் ஆண்களை எல்லாம் வெட்டியாயிற்று. “சட்டம் அதைச் சொல்லலைம்மா” என்றேன்.

“15-ஆம் அதிகாரத்துல சொல்லுதே சார். அடிமையை விடுதலை பண்ணும்போது வெறுங்கையா அனுப்பக் கூடாது, ஆட்டு மந்தையில, களத்துல, ஆலையில இருந்து கொடுத்து அனுப்பணும்னு.”

“அது எபிரெயருக்கு, அதாவது சொந்த இஸ்ரவேல் ஜனத்துக்கு.”

“சரி சார்” என்று சொல்லி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பதிலில் தப்பில்லை. 15:12 எபிரெய ஆணையும் பெண்ணையும்தான் சொல்கிறது. ஒரு சட்டத்தில் இருக்கும் சலுகையைப் பிடுங்கி இன்னொன்றில் நடாதீர்கள் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பவன் நான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் வெறுங்கையாக அனுப்பாதே என்பதற்கு அங்கே சொல்லப்படும் காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பது. அதே காரணம் 24-ஆம் அதிகாரத்தில் பரதேசி (அந்நிய தேசத்தார்), திக்கற்ற பிள்ளை, விதவை வரைக்கும் நீள்கிறது. இந்தப் பெண் பரதேசி, தாய் தகப்பன் இல்லாதவள், ஒருவேளை விதவையும்கூட. அவளிடம் வரும்போது மட்டும் அது ஏன் நின்றுவிடுகிறது? நின்றது சட்டமா, நானா?

இதை வகுப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இதைத் திறந்துவிட்டால் மூட முடியாது. (மூட வேண்டும் என்று யார் சொன்னது என்றும் கேட்கலாம்.)

ரபீக்களுக்கும், அதாவது யூத வேத அறிஞர்களுக்கும், இந்தப் பகுதி நெருடியிருக்கிறது. மனுஷனுடைய கெட்ட இச்சையை மனதில் வைத்துத்தான் தோரா (மோசேயின் சட்டம்) இப்படிப் பேசியது என்கிறது ரபீக்களின் விவாதத் தொகுப்பான தால்முத். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி அடுத்தடுத்த சட்டங்களைக் கோத்து வாசிக்கிறார்: அவளைக் கட்டினால் வெறுக்கப்பட்ட மனைவியாவாள், அவள் பிள்ளை அடங்காத பிள்ளையாவான். அதாவது ரபீக்கள் சட்டங்களைச் சேர்த்துத்தான் வாசிக்கிறார்கள். என் மாணவி செய்ததும் அதுதானே. ஆனாலும் அவர்கள் கவலை முழுக்க அந்த ஆணைப் பற்றியது. அவன் வீடு கெட்டுப்போகும் என்ற கவலை. அவள் வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதை ராஷியும் கேட்கவில்லை. அவர் பெரியவர், அவரே கேட்காதபோது நான் எம்மாத்திரம் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாள் அது நல்ல சாக்காகத் தெரிந்தது.

அவளுடைய இஷ்டம் அந்த ஐந்து வசனங்களில் ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் அவனுக்கு இஷ்டமில்லாமல் போன பிறகு. இத்தனை வருஷம் நடத்தியும் இதை நான் கவனித்தது மாணவி கேட்ட பிறகுதான். ஆனாலும் கடிவாளம் என்ற என் பேச்சை இன்னும் விடவில்லை, அது பொய்யில்லையே.

அந்த மாணவி சீக்கிரம் ஒரு சபைக்கு ஊழியம் செய்யப் போவாள். அங்கே இந்தப் பகுதியைத் தொடாமலே காலம் தள்ளிவிடலாம். நான் கேட்ட வரையில் எந்த ஞாயிறு பிரசங்கத்திலும் இது வந்ததில்லை. யூதர்களுக்கு அந்த வசதி கிடையாது. வருஷாவருஷம் ஒரு ஓய்வுநாளில் அவர்களுடைய அன்றைய தோரா வாசிப்பு தொடங்குவதே இந்த வசனத்தில்தான்.