பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைகள்: விற்றும் பார்த்தேன், வைத்தும் பார்த்தேன்

பழைய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் சேர்க்கிறவன் நான். நடுவில் கொஞ்ச காலம் அவற்றை வாங்கி விற்கவும் செய்தேன். சேர்க்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும்: இரண்டு வாங்கி ஒன்றை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டால் இன்னொன்று சும்மா கிடைத்த மாதிரிதானே, வீட்டில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்களே என்று. கணக்கு சரியான கணக்குதான், கையில் காசும் வந்தது. ஆனால் விற்கிறவனுக்குத் தேவையான பொம்மையும் சேர்க்கிறவனுக்குத் தேவையான பொம்மையும் ஒன்றே இல்லை. இது செய்து பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

தெரியாதவர்களுக்காக முதலில் பொம்மையைப் பற்றிக் கொஞ்சம். ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மையை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் 12 அங்குல உயரத்தில் கொண்டுவந்தது. நாம் விளையாடிய சின்ன சைஸ், அதாவது மூன்றே முக்கால் அங்குலம், 1982-ல் வந்தது. 1987-ல் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கினார்கள். சென்னையில் அலுவலகம், கோவாவில் தொழிற்சாலை. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்தே இங்கே வார்த்தாலும் நிறம் அமெரிக்கப் பதிப்பு மாதிரியே வராது, ஒரே ஆள் ஒரு பேட்ச்சில் ஒரு நிறத்திலும் இன்னொரு பேட்ச்சில் வேறு நிறத்திலும் இருப்பான். அங்கே எப்போதோ நிறுத்திவிட்ட சில ஆட்கள் இங்கே வருஷக்கணக்கில் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இந்த வித்தியாசங்களால்தான் வெளிநாட்டு கலெக்டர்கள் இன்று இந்தியப் பதிப்பைத் தனியாகத் தேடுகிறார்கள். எங்கள் வீட்டில் இவர்கள் கொலுவில் கூட நின்றிருக்கிறார்கள், பார்க் கட்டி, அதன் வாசலில் காவலுக்கு.

இப்போது இவை கிடைக்கிற இடங்கள் மூன்றுதான். மூடப்போகிற பழைய ஃபேன்சி ஸ்டோர், காயலான் கடை, வீடு காலி செய்கிறவர்களின் பரண். காயலான் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இடுப்போடு இரண்டாகப் பிரிந்த ஆள்தான். அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று நினைத்து நிறைய பேர் குப்பையில் போட்டிருப்பார்கள், பாவம். உண்மையில் உடைந்திருக்காது. இந்த பொம்மையின் உடம்பையும் காலையும் சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் வளையம், ஓ-ரிங். முப்பது வருஷத்தில் அது காய்ந்து, வெடித்து, தொட்டால் பொடியாகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

சரி செய்வது சுலபம். முதுகில் நடுவாக ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றினால் மார்பு ஒரு பாதி, முதுகு ஒரு பாதி என்று பிரிந்து வரும், தலையும் இரண்டு கைகளும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு கால்களுக்கு நடுவே ஓர் உலோகக் கொக்கி உண்டு. புது வளையத்தை அதில் மாட்டி, இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாக மேலே இழுத்து, உடம்புக்குள் இருக்கும் குச்சியில் போட்டு மூடினால் ஆள் எழுந்து நின்றுவிடுவான். வளையம் ஹார்டுவேர் கடையில், குழாய் ரிப்பேருக்கு விற்கும் ஓ-ரிங்குகளிலேயே கிடைக்கும், அளவுக்குப் பழையது ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் போதும். ரொம்பத் தடிமனாக எடுத்தால் இடுப்பு திரும்பாது, மெல்லியதாக எடுத்தால் ஆள் தொளதொளவென்று தொங்குவான். ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கும்போது கடைசிச் சுற்றில் கை நிதானமாக இருக்க வேண்டும், அழுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் விரிசல் விடும். அப்புறம் அந்தக் கட்டைவிரல். துப்பாக்கியைக் கையில் திணிக்கும்போது முதலில் உடைவது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் முக்கிவைத்தால் பிளாஸ்டிக் இளகும், பிறகு மாட்டலாம். வெள்ளை பிளாஸ்டிக் பொம்மைகள் மஞ்சளாகியிருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை, மேலே இருக்கும் பெயின்ட் என்ன ஆகுமோ என்ற பயம்தான்.

இந்த வேலைதான் எனக்கு இதில் பிடித்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மேஜை விளக்கைப் போட்டு, யாரோ ஒரு பையன் மண்ணில் புரட்டி எடுத்த ஃபிளின்ட் என்ற ஆளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவேன், மடிப்பில் இருந்து செம்மண் கரைந்து வரும்.

விற்க இறங்கியபோது இந்த வேலைக்கு மதிப்பே இல்லை. லூஸ் ஆளை, அதாவது அட்டையில் இருந்து பிரித்தவனை, எவ்வளவு நன்றாகச் சரிசெய்து வைத்தாலும் கிடைப்பது சொற்பம்தான், நல்ல விலை எல்லாம் கடைக்கு வந்த அட்டையோடு பிரிக்காமல் இருக்கிற கார்டுக்குத்தான். கேட்டு எழுதியவர்களில் ஒருவர்கூட முகத்தின் பெயின்ட் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கார்டின் நான்கு மூலையையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்பு, மேலே மாட்டும் ஓட்டை கிழிந்திருக்கிறதா, பிளாஸ்டிக் கூடு மஞ்சளாகியிருக்கிறதா, கடைக்காரர் ஒட்டிய விலை ஸ்டிக்கரை உரித்த தடம் இருக்கிறதா என்று இப்படித்தான் கேள்விகள். அமெரிக்காவில் ஏ.எஃப்.ஏ. என்று ஒரு தரச்சான்று நிறுவனம் இருக்கிறது, பொம்மையை அனுப்பினால் மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டிதான் கைமாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் ஆளை யாரும் தொடப்போவதில்லை.

அதைக் குறை சொல்லவில்லை, அதுவும் ஓர் ஆசைதான். எனக்குள் என்ன நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். கடைக்குள் நுழைந்ததும் என் கண் ஆளைத் தேடாமல் அட்டையைத் தேட ஆரம்பித்தது. மேஜர் பிளட் என்ற ஆள் கையில் கிடைத்தால் முன்பெல்லாம் வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். விற்பனைக் காலத்தில் வண்டியை எடுப்பதற்கு முன்பே போனில் கடைசியாக என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்துவிடுவேன், அந்த எண் குறைவாக இருந்தால் பொம்மையும் சுமாராகத் தெரியும். பொம்மை அதேதான், நிறமும் அதேதான். காசு வந்தது உண்மை, பேக்கிங், தபால் செலவு போகவும் மிச்சம் இருந்தது. ஆனால் மேஜையில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றுகிற ராத்திரிகள் குறைந்தன, அட்டைப்பெட்டி ஒட்டுகிற ராத்திரிகள் கூடின.

விலை ஏன் ஏறுகிறது என்பதையும் இந்தச் சாக்கில் கொஞ்சம் படித்தேன். ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னர் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த முதல் வரிசையில் ஜாவா என்ற குட்டி ஆளுக்கு வினைல் அங்கி போட்டிருந்தார்கள், மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வினைல் ஜாவா இன்று ஆயிரக்கணக்கான டாலர். வேறு பொம்மையின் வினைல் அங்கியை வெட்டிப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அந்த விலைக்குக் காரணம், அது கொஞ்ச காலமே வந்ததும், வந்ததைப் பிள்ளைகள் பிரித்து விளையாடித் தொலைத்ததும்தான். 1995-ல் அதே ஸ்டார் வார்ஸ் வரிசை திரும்ப வந்தபோது பெரியவர்கள் புத்திசாலித்தனமாக வாங்கிப் பிரிக்காமல் அடுக்கிவைத்தார்கள், எல்லோரும் வைத்திருப்பதால் இன்றும் அவற்றில் பெரும்பாலானவை மலிவாகவே கிடைக்கின்றன. சேகரிப்புக்கென்றே பொம்மை விற்கிற ஃபங்கோ நிறுவனம் 2023-ல் 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கைக் குப்பைக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது, கிடங்கில் வைக்கிற செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லையாம்.

லபுபு என்ற பொம்மையும் அதே வழியில்தான். ஹாங்காங் ஓவியர் காசிங் லங் 2015-ல் உருவாக்கிய பாத்திரம் அது, 2019-லிருந்து சீனாவின் பாப் மார்ட் விற்கிறது. மூடிய பெட்டியில் எது இருக்கும் என்று தெரியாது, ரகசியப் பொம்மை கிடைக்கும் வாய்ப்பு 72-ல் ஒன்று. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆள் உயர லபுபு ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் யுவானுக்கு மேல் போனது. அதே மாதம் பாப் மார்ட் சரக்கை நிறைய இறக்கியதும் மறுவிற்பனை விலை சரிந்தது. இதை நம்பி பெட்டி பெட்டியாக வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான், ஏனென்றால் அந்தப் பொம்மையை அவர்களில் பலருக்குப் பிடிக்கக்கூட இல்லை.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பொம்மை இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கவும் முடியாது. உள்ளூர்த் தயாரிப்புக்கு இது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு ஆக்‌ஷன் ஃபிகர் கடைக்கு வருவதே அபூர்வமாகிவிட்ட நிலையில், வந்த நாலு பீஸையும் காலையிலேயே ஒருவர் அள்ளிக்கொண்டு போய் மாலையில் மூன்று மடங்கு விலை சொல்கிறார். அதை என்னால் ஏற்கமுடியாது. அலமாரி முன்னால் வெறுங்கையோடு நிற்கிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பரணிலும் மூடிய கடையிலும் தூசி தட்டித் தேடி எடுத்து விற்கிறவர் வேறு, அவர் உழைக்கிறார், என் அலமாரியில் பாதி அப்படிப்பட்டவர்கள் தேடித் தந்தவைதான். அவர் சொல்கிற லாபத்தைப் பேரம் பேசாமல் கொடுப்பேன்.

விற்பனைக்கு என்று எடுத்துவைத்த கடைசிப் பிரிக்காத பீச் ஹெட் ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல அட்டை, மூலை மடங்காதது, ஆளும் கேட்டு வந்துவிட்டார். நான் கொடுக்கவில்லை, பிரித்தேன். பிளாஸ்டிக் கூட்டின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தபோது பசை பழசாகியிருந்ததால் சத்தமே இல்லாமல் வந்தது. உள்ளே துப்பாக்கியும் பையும் அச்சில் இருந்து எடுத்த மாதிரியே இருந்தன. முகம் முழுக்க மூடிய ஆள் அவன், திறந்திருப்பது கண் மட்டும்தான். அந்தக் கடுகளவு இடத்தில் யாரோ இரண்டு கருப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள், இடது கண் லேசாகக் கீழே இறங்கியிருந்தது. கூடு வழியாக இத்தனை நாள் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் அவனைப் பற்றிய குறிப்பு, ஃபைல் கார்டு. ஹாஸ்ப்ரோவுக்காக லாரி ஹாமா எழுதியவைதான் அவற்றில் பெரும்பாலானவை. வெட்டி எடுத்து வைத்துக்கொள் என்றே அதைச் சுற்றிக் கோடு போட்டிருப்பார்கள். வெட்டினால் அட்டையின் விலை போச்சு. கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் மேலேயே வெட்டினேன், ஓ-ரிங்கையும் கையோடு மாற்றினேன், ஏனென்றால் பிரிக்காத பொம்மைக்குள்ளும் ரப்பர் காயத்தான் செய்யும், முதல் தடவை இடுப்பைத் திருப்பும்போதே அறுந்துவிடும்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். இரண்டாவதாக வந்தவற்றை மட்டும் கொடுக்கிறேன், வாங்கிய விலையோடு வளையம், தபால் செலவு சேர்த்து, முடிந்தால் மாற்றுக்கு மாற்று. பிரிக்காதது கிடைத்தால் அது எனக்குப் பிடித்த ஆள் என்றால் மட்டும் வாங்குகிறேன், வாங்கிய அன்றே பிரித்துவிடுகிறேன். விலை பார்க்கிற ஆப்பைப் போனில் இருந்து எடுத்துவிட்டேன். இனிமேல் எதையும் விற்கவே மாட்டேன் என்று சபதமெல்லாம் எடுக்கவில்லை. அவசரம் என்று வந்தால் விற்பேன்தான், அது வேறு விஷயம்.

அடுத்த வேலை, மேலே சொன்ன ஃபிளின்ட்டுக்கு வலது கட்டைவிரல். இன்னொரு உடம்பில் இருந்து முன்கையை மட்டும் எடுக்க முடியாது, முழங்கையில் ரிவெட் அடித்திருக்கிறார்கள், அதனால் தோளோடு முழுக் கையாகத்தான் மாற்ற வேண்டும், அதுவும் அதே பச்சை பேட்ச்சாக இருந்தால்தான் பொருந்தும். அப்படி ஒரு வலது கை யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு என்னிடம் உபரியாக இருக்கும் மேஜர் பிளட்டை அனுப்புகிறேன், வளையம் புதிது.