மௌஸுக்கு வயர் வேண்டாம், கீபோர்டுக்கு இருக்கட்டும்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாராவது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்றால், லாரன்ஸ் ரோட்டுக் கடைக்குப் போகும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் பொறியியல் படித்தவள் இல்லை. வீட்டிலிருந்தே தமிழ் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் மனுக்கள், கும்பாபிஷேக மலர்கள், சிதம்பரத்தில் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகள், கல்யாணப் பத்திரிகை வாசகம் என்று எது வந்தாலும் அடிப்பேன். சமையல் நேரம் போக மற்ற நேரமெல்லாம் விரல்கள் கீபோர்டின் மேல்தான். அந்தத் தகுதியில்தான் கேட்கிறார்கள். கேள்வியும் இப்போதெல்லாம் ஒன்றேதான்: "அக்கா, வயர் இல்லாத செட்டாகவே வாங்கிவிடலாமா?"

மௌஸை வயர் இல்லாமல் வாங்கு, கீபோர்டை வயரோடு வாங்கு, செட்டாக வாங்காதே என்பேன். கடைக்காரருக்கு இந்தப் பதில் பிடிக்காது. அவருடைய கண்ணாடி அலமாரியின் முன்வரிசை முழுவதும் கீபோர்டும் மௌஸும் சேர்ந்த காம்போ பெட்டிகள்தான்.

மௌஸ் நகர்ந்துகொண்டே இருக்கும் பொருள். வயர் மேசை விளிம்பில் மாட்டும், டம்ளரை இழுக்கும், நோட்டுப் புத்தகத்தின் கீழே சிக்கும். வயர் மௌஸுக்குள் நுழைகிற கழுத்துப் பகுதி மடங்கி மடங்கி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். அம்புக்குறி திடீரென்று நின்று நின்று ஓடும். வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். அந்த நிலையிலும் செல்லோ டேப் சுற்றி ஒரு வருடம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். வயரில்லாத மௌஸில் இந்தத் தலைவலி கிடையாது. இதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் முந்நூறு ரூபாய் வீண் போகாது.

கீபோர்டு அப்படியா? வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். அதன் வயர் மேசைக்குப் பின்னால் விழுந்துவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படாது. நகராத பொருளுக்கு எதற்குப் பேட்டரி?

இதைச் சொன்னால், "மேசை பார்க்க அழகாக இருக்குமே அக்கா" என்பார்கள். அழகுக்காக வாங்குகிறவர்களிடம் எனக்கு வாதமில்லை. ஆனால் அந்த மேசையில் வேலையும் செய்வதாக இருந்தால் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார் மகன் புதுச்சேரியில் லாஸ்பேட்டையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது, "இன்னும் எத்தனை நாள் அத்தை இந்தப் பழைய கீபோர்டிலேயே அடிப்பீர்கள்" என்று ஒரு காம்போ செட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் சில வாரங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை வேலை வந்தது. அச்சுக்கு அனுப்பும் முன் எதையும் தாளில் எடுத்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கம். படித்தால், "வஞ்சிர மீன் வலை உயர்ந்ததால் உறுப்பினர்களுக்கு நல்ல லாபம் கிடைத்தது" என்று இருக்கிறது. விலைதான் வலையாகியிருக்கிறது. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தி வாயைத் திறக்கவில்லை. அதிலும் மீனவர் சங்க அறிக்கையில் வலை என்ற சொல்லை யார் சந்தேகப்படுவார்கள்?

நான் அடிப்பது தமிழ்99 முறையில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசை அமைப்பு அது. உயிரெழுத்துகளும் மெய்களும் தனித்தனி விசைகள். 'வி' வேண்டுமானால் வ அடித்து இ அடிக்க வேண்டும். அந்த இ மட்டும் காற்றில் தொலைந்தால் வெறும் வ நின்றுவிடும். விலை வலையாகும், படித்தான் படத்தான் ஆகும். 'க' விசையை இருமுறை தட்டினால் தானாகவே புள்ளி வைத்து க்க ஆக்கிக் கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. ஒரு தட்டல் தொலைந்தால் பக்கம் பகமாகிவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டால் பெரும்பாலும் கீழே சிவப்புக் கோடு வந்து காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் உயிர் விழுந்தாலும் உடம்பு எழுந்து நடக்கிறது.

ஏன் இப்படி என்று பார்த்தேன். அந்த அறிக்கை அடித்த நாட்களில் பழைய கோப்புகளை எல்லாம் வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். ஹார்டு டிஸ்க் செருகியிருந்தது நீல நிற யுஎஸ்பி துளையில். அதற்குப் பக்கத்துத் துளையில்தான், கீபோர்டு காற்றில் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் குட்டி ரிசீவர். நீல நிறம் பொதுவாக யுஎஸ்பி 3.0-வுக்கு அடையாளம். அதில் தரவு வேகமாக ஓடும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல், இந்த ரிசீவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் தேர் வடம் பிடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் ரகசியம் சொன்னால் எவ்வளவு கேட்குமோ, அவ்வளவுதான் அந்த ரிசீவருக்கும் கேட்கும். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருப்பதும் அந்த 2.4 அலைவரிசைத் தெருவில்தான்.

பரிகாரம் சுலபம். ரிசீவரை ஹார்டு டிஸ்க்கிலிருந்து விலக்கி, கீபோர்டுக்கு எதிரே இருக்கும்படி வைக்க வேண்டும். என் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளைகளில் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று பென் டிரைவுக்கு வேண்டும். ஆகவே கடைக்குப் போய் ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கினேன். வயரில்லாத கீபோர்டுக்கு ஒரு வயர்! எழுத்து விழுவது நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் என் பழைய கீபோர்டு கேட்காத வயரை இது கேட்டதே என்ற கோபம் மட்டும் போகவில்லை.

ஐபிஎம் 1984-இல் விற்ற பிசிஜூனியர் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரோடு அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் வயரில்லாத கீபோர்டைக் கொடுத்தார்கள். கீபோர்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. அதற்கென்றே தனியாக ஒரு வயரையும் விற்றார்கள், விருப்பப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம் என்று. ஆக, நான் ஒன்றும் முதல் ஆள் இல்லை.

பேட்டரி பற்றி. மாதக்கணக்கில் உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது மௌஸைப் பொறுத்தவரை ஏறக்குறைய உண்மைதான். ஆனால் வீட்டில் ஏஏ அளவு பேட்டரி பொதுச் சொத்து. சுவர்க் கடிகாரம் நின்றால் என் வீட்டுக்காரர் நேராக மௌஸைத்தான் கவிழ்ப்பார். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய அந்த 2024 நவம்பர் இரவில் மௌஸ் பேட்டரி ரேடியோவுக்குப் போனது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடிகார விஷயத்தில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். மௌஸ் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பேட்டரியில் கடிகாரம் இன்னும் பல வாரம் ஓடும், அது குடிக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. ஆகவே புதுப் பேட்டரி முதலில் மௌஸுக்கு, ஓய்வுபெற்ற பிறகு கடிகாரத்துக்கு. சார்ஜ் ஏற்றும் வகை ஏஏ பேட்டரியும் போடலாம். அது 1.2 வோல்ட், சாதாரணப் பேட்டரி 1.5. அதனால் சில மௌஸ்கள் சீக்கிரமே சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம், ஓடும்.

கடலூர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்காற்று ஜன்னல் கம்பியையே விடுவதில்லை, பேட்டரி அறையில் இருக்கும் குட்டி ஸ்பிரிங்கை விட்டுவிடுமா? ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது பூத்துப்போகும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். உள்ளேயே கிடந்து கசிந்தால் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அல்கலைன் பேட்டரியில் கசிவது காரப் பொருள், வெறும் கையால் தொடக் கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதியதைப் போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மௌஸில் ஒரே ஓர் அறை, பார்த்துக்கொள்ளலாம். கீபோர்டையும் சேர்த்தால் வீட்டில் இரண்டு ஸ்பிரிங் அறைகளுக்குப் பணிவிடை.

பாதுகாப்பு பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். 2016-இல் அமெரிக்காவில் பாஸ்டில் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விலை மலிவான வயரில்லாக் கீபோர்டுகளைச் சோதித்தார்கள். பன்னிரண்டு தயாரிப்பாளர்களில் எட்டுப் பேருடைய கீபோர்டுகள் நாம் தட்டும் எழுத்தை எந்தப் பூட்டும் போடாமல் அப்படியே காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. 250 அடி தூரத்தில் இருந்துகூட ஒட்டுக்கேட்கலாம் என்றார்கள். எங்கள் தெருவில் 250 அடிக்குள் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்வீட்டுப் பையன் அந்தக் காரியம் செய்வான் என்று நான் சொல்லவில்லை. அவன் செமஸ்டர் தேர்வுக்கே படிப்பதில்லை. ஆனாலும் வங்கிக் கடவுச்சொல் அடிக்கும் கருவி எதில் பேசுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். புளூடூத் கீபோர்டுகளும், எழுத்தைப் பூட்டி அனுப்பும் ஏஇஎஸ் குறியாக்கம் உண்டு என்று பெட்டியில் போட்டிருப்பவையும் தேவலாம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் மௌஸ் வாங்கினாலும் கீபோர்டு வாங்காதீர்கள்.

புளூடூத் என்றதும் ஒன்று. மடிக்கணினிக்கு அது வசதி, ரிசீவர் தேவையில்லை. பழைய மேசைக் கணினியில் பெரும்பாலும் புளூடூத்தே இருக்காது. இருந்தாலும், விண்டோஸ் எழும்பும் முன் வரும் பயாஸ் திரையில் அந்தக் கீபோர்டு வேலை செய்வது அபூர்வம். பழுது பார்க்க வருகிற தம்பி பையிலிருந்து வயர் கீபோர்டை எடுத்து மாட்டுவதன் காரணம் அதுதான்.

கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகள், வயர் இல்லாவிட்டால் தாமதமாகும் என்பார்கள். வயருள்ள சாதாரண யுஎஸ்பி மௌஸே நொடிக்கு 125 முறைதான் தன் இருப்பிடத்தைச் சொல்கிறது. மனு அடிக்கிறவளுக்கு அது போதும்.

கீபோர்டும் வயரில்லாமல் இருந்தாக வேண்டிய வீடும் உண்டு. அந்த லாஸ்பேட்டைப் பையன் வீட்டிலேயே, கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இணைத்து வைத்திருக்கிறான். என் நாத்தனாருக்கு முட்டிவலி. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே, தொடுபலகையும் சேர்ந்த ஒரு குட்டிக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு கச்சேரி தேடிக் கேட்கிறார். அங்கே வயர் இழுத்தால் கூடத்தில் நடப்பவர்கள் தடுக்கி விழுவார்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். எலி வயரைக் கடிக்கிறது என்று காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எலி மானிட்டர் வயரையும் கடிக்கும், முதலில் எலியைக் கவனியுங்கள்.

விலைக் கணக்கு இதுதான். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் சாமான் என்றால் பஸ் ஏறி முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போவோம், அங்கே வரி குறைவு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றுதான், பஸ் காசுதான் வீணாகும். இங்கேயே ஓரளவு நல்ல வயர் கீபோர்டு ஐந்நூறு, அறுநூறுக்குக் கிடைக்கிறது. வயரில்லாத மௌஸும் அதே அளவுதான். இரண்டும் சேர்ந்து ஒரு காம்போ செட்டின் விலையைத் தாண்டாது. காம்போவில் இரண்டுக்கும் ஒரே ரிசீவர். நகத்தளவு இருக்கும் அது பெருக்கும்போது குப்பையோடு போனால் கீபோர்டும் மௌஸும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். மலிவுச் செட்டுகளில் அந்த ரிசீவர் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்து வருவது. மாற்று ரிசீவர் கேட்டால் கடைக்காரர் புதுச் செட்டைத்தான் காட்டுவார்.

மௌஸ் வாங்கிவந்து பெட்டியைப் பிரித்ததும் ரிசீவரைக் காணோம் என்று பதற வேண்டாம். பல மௌஸ்களில் அதைப் பேட்டரி மூடிக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பார்கள். அதைத் திறந்து பார்க்காமலே கடைக்குச் சண்டைக்குப் போன ஒரு பெரியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பெயர் சொன்னால் நாளைக்கு மனு அடிக்க வரமாட்டார்.