செகு கரையில் நைஜர் ஆறு

அழகர் ஆற்றில் இறங்கவே வைகை அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கும் ஊர்க்காரனுக்கு, மாலி நாட்டில் செகு என்ற ஊரில் நைஜரைப் பார்த்ததும் பொறாமைதான் வந்தது. கினி நாட்டு மலையில், அட்லாண்டிக் கடலுக்குச் சுமார் 240 கிலோமீட்டர் தூரத்திலேயே பிறந்தும் அந்தப் பக்கம் போகாமல் சகாரா ஓரம்வரை ஏறி, திம்புக்டு தாண்டி வளைந்து, ஏறக்குறைய 4,180 கிலோமீட்டர் ஓடி நைஜீரியாவில்தான் கடலைத் தொடுகிறது.

கரையில் துணி துவைக்கிறார்கள், போசோ மக்கள் வலை வீசுகிறார்கள், சரி, அதெல்லாம் எந்த ஆற்றிலும் உண்டு. என்னை நிறுத்தி வைத்தது கலாபுகு கிராமம். அங்கே கொல்லர் வீட்டுப் பெண்கள்தான் பானை வனைகிறார்கள். விறகும் வைக்கோலும் போட்டுத் திறந்தவெளியிலேயே சுட்டு, தகதகவென்று இருக்கும்போதே நீளக் கம்பியால் தூக்கி மரப்பட்டைச் சாற்றில் முக்குகிறார்கள், சுர்ரென்று ஆவி கிளம்பி பானை கறுத்துவிடுகிறது. அப்புறம் படகில் அடுக்கி செகு சந்தைக்கு.

மானாமதுரையில் கடம் செய்யும் ஒரு அண்ணனிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அது என்ன மரத்துப் பட்டை தம்பி?"