சரியாகிவிட்டது என்று சொன்ன நாள்

"நிலைமை சரியாயிடுச்சு தம்பி, வேற கம்பெனிகள்லயும் இப்ப ஆள் எடுக்கிறாங்க, முயற்சி பண்ணுங்க" என்று, கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்த நான் 2010 ஆகஸ்டில் ஓர் இளைஞரிடம் சொன்னதை எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதில் பொய் இல்லை என்றே ஒவ்வொரு முறையும் தொடங்குகிறேன். அந்த மாதம் நேர்காணல் அறைகள் போதாமல் கேண்டீனின் ஒரு பக்கத்தைத் தடுத்து நாற்காலி போட்டிருந்தோம், சென்னையின் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர் சாலையில் கம்பெனிப் பேருந்துகள் மறுபடியும் நிரம்பி ஓடின.

அவர் கையில் இருந்தது நாங்கள் 2008 ஆகஸ்டில் கல்லூரி வளாகத்தில் கொடுத்த ஆஃபர் லெட்டர். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அது அவர் கைக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 15 அன்று, லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலாகி, உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. 2009 மே மாதம் அவர் படிப்பை முடித்தபோது, பணியில் சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று மின்னஞ்சல் அனுப்பியவன் நான்தான்.

"இந்த வருஷம் எத்தனை பேரை எடுக்கிறீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப என் இடம் யாருக்குப் போச்சு சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குக்கு விடை வராத மாணவன் ஆசிரியரிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

படிப்பை முடித்து ஓராண்டுக்கு மேல் ஆனவர்களை ஃப்ரெஷராக எடுப்பதில்லை என்பது விதி. அனுபவம் இல்லாதவர் என்பதால் வேறு வழியாகவும் அவரைச் சேர்க்க முடியாது. அவருடைய அந்த இடைவெளியை உண்டாக்கியதே எங்கள் மின்னஞ்சல்தான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. விதியை வகுத்தவன் நான் இல்லை. அந்த ஆண்டு படிப்பை முடித்து வந்த பிள்ளைகளுக்கும் கல்விக் கடன் இருந்தது, அவர்களைத் தள்ளி நிறுத்துவது மட்டும் எப்படி நியாயம் ஆகும்? இந்த வாதம் எனக்கு இன்றும் வலுவாகவே படுகிறது. ஆனால் அதே மாதத்தில், ஒரு மேலாளர் பரிந்துரைத்த வேறொருவருக்காக அரைப் பக்கத்தில் விதிவிலக்குக் குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்கினேன் என்பதும் நினைவுக்கு வரும்போது, வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

அதன் பிறகுதான் மந்தநிலையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் மந்தநிலை 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. ஆனால் மொத்த வேலைகளின் எண்ணிக்கை பழைய உச்சத்தைத் தொட 2014 மே வரை ஆனது, அதற்குள் அங்கே மக்கள்தொகையும் கூடியிருந்தது. வேலையின்மை விகிதம் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது உண்மைதான். வேலை தேடுவதையே நிறுத்திவிட்டவர் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பதும் உண்மை. பொருளாதார அறிஞர்கள் ஒலிவியே பிளான்ஷாரும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1986 இல் ஐரோப்பிய வேலையின்மையை விளக்க, இயற்பியலில் புழங்கும் ஹிஸ்டெரிசிஸ் என்ற சொல்லைக் கையாண்டார்கள்: காந்தப்புலத்தை விலக்கிய பிறகும் இரும்பில் காந்தத்தன்மை தங்கிவிடுவதைப் போல, மந்தநிலை விலகிய பிறகும் வேலையின்மை தங்கிவிடுவது. மந்தநிலையில் பட்டம் பெற்ற அமெரிக்கர்களின் ஊதியத்தில் அதனால் வந்த இழப்பு பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது என்று பொருளாதார ஆய்வாளர் லிசா கான் 2010 இல் எழுதினார். அந்த ஆண்டில்தான் நான் "சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலி இடங்கள் திரும்பி வந்தன, அதை நான் மறுக்கவில்லை. சந்தை மீண்டதா என்று இடங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு விடையும், ஆட்களை எண்ணிப் பார்த்தால் வேறொரு விடையும் கிடைக்கின்றன. என் வேலை இடங்களை எண்ணுவதாக இருந்தது. இப்படி எழுதும்போதே, இதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சுதானோ என்ற சந்தேகம் வருகிறது.

2023 இல் சேரும் தேதிகள் மறுபடியும் தள்ளிப்போனபோது, காத்திருக்கும் காலத்தை இடைவெளியாகக் கணக்கிடக் கூடாது என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினேன். ஓராண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஓராண்டு முடிந்தபோதும் பட்டியலில் சிலர் மிச்சம் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து விசாரித்தபோது, "நிலைமை" என்று தொடங்கிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போக முடியாமல் வெகுநேரம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.